அக்கரையிலே ஒரு சித்தி வீடு



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ஸ்கூடாய்ப் பட்டணத்தில் ஒரு காட்சியைக் காணலாம். சாமான் கடை, சைக்கிள் கடை, கோப்பிக்கடை என்று எப்போதும் திறந்தே கிடக்கும் சீனர் கடைகளில் ஒன்றிரண்டு பத்து நாளைக்குக் கதவு சாத்திக் கிடக்கும். திரும்பி வந்தபின் தவுக்கேயைக் கேட்டுப் பாருங்கள். "சீனாவுக்குப் போயிருந்தோம். பாட்டனாருடைய தம்பி மக்கள் குவாங்சோவில் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு வந்தோம்" என்பார்.

குவாங்சோ சின்ன ஊரா? ஒரு கோடிக்கு மேல் மக்கள் வாழும் பெருநகரம். அங்கே போய், முகம் தெரியாத உறவுக்காரர்களைத் தேடிப் பிடித்து, ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டு, படமும் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அந்த ஊர்ப் பேச்சு பிள்ளைகளுக்குப் பாதி புரியும், பாதி புரியாது. இருந்தாலும் போகிறார்கள்.

அந்த வழி அவர்களுக்குச் சுலபத்தில் திறந்துவிடவில்லை. நம் நாடு சீனாவோடு தூதரக உறவு வைத்துக்கொண்டது 1974 மே 31ஆம் நாள். அதன் பிறகும் மலேசியர்கள் தங்கள் விருப்பம்போல் அங்கே போய்வர முடியாது. 1990ஆம் ஆண்டில்தான் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. அதற்குள் எத்தனையோ அண்ணன் தம்பிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். 2023 டிசம்பரில் விசா வேண்டாம் என்று ஆனது. இப்போது பேரப்பிள்ளைகள் போய் அந்த உறவை மறுபடியும் முடிந்து வைக்கிறார்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் தெரியுமா? நாம் சீனா வரை போக வேண்டியதில்லை. சீனர்கள் நான்கில் மூன்று பங்காக வாழும் ஒரு மாநகரம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்கூடாயிலிருந்து ஜொகூர் பாரு 16 கிலோமீட்டர். அங்கிருந்து கடற்பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். அந்தச் சிங்கப்பூரில் உங்களுக்கு ஒரு சித்தி இருப்பார். அல்லது ஒரு மாமா, ஒரு பெரியப்பா மகன். தோட்டத்தில் பிறந்த எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் அக்கரையில் ஓர் உறவு இல்லாமல் இராது.

கடைசியாக எப்போது போய்ப் பார்த்தீர்கள்? கல்யாணத்துக்கா, கருமாதிக்கா?

*

ஒரே வீட்டுப் பிள்ளைகள்

ஜொகூரும் சிங்கப்பூரும் நம் பாட்டன்மாருக்கு இரண்டு நாடாகத் தெரிந்ததில்லை. கப்பலை விட்டு இறங்கியவர்களில் ஒருவர் கங்காணியோடு கூலாய், செனாய், ஸ்கூடாய்ப் பக்கத்துக் கித்தாக்காட்டுக்கு வந்தார். அவருடைய தம்பி துறைமுகத்திலோ நகராண்மைக் கழகத்திலோ வேலை கிடைத்து அந்தப் பக்கமே தங்கிவிட்டார். இன்னொருவர் செம்பவாங்கில் இருந்த வெள்ளைக்காரனுடைய கடற்படைத் தளத்துக்குப் போனார். தீபாவளி வந்தால் எல்லாரும் ஒரு லயத்தில் கூடினார்கள்.

இரண்டு கரையையும் சேர்த்து வைத்தது அந்தக் கடற்பாலம். புலாவ் ஊபினிலும் புக்கிட் தீமாவிலும் உடைத்த கருங்கல்லைக் கடலில் கொட்டிக் கொட்டி எழுப்பியது அது. 1923 செப்டம்பரில் சரக்கு ரயில் ஓடியது. அக்டோபரில் ஆட்கள் போகும் ரயில் ஓடியது. 1924 ஜூன் 28ஆம் நாள் முறைப்படி திறப்பு விழா நடந்தது. நீளம் 1,056 மீட்டர். பெரட்டுக்களத்திலிருந்து கடைசி நிரை வரை நடக்கிற நம் ஆட்களுக்கு இது ஒரு தூரமா? கால் மணி நேர நடை.

சண்டைக்காலத்தில், 1942 ஜனவரி 31ஆம் நாள், பின்வாங்கிப் போன வெள்ளைக்காரப் பட்டாளம் அந்தப் பாலத்தை வெடிவைத்து உடைத்தது. அதையும் சரிசெய்துவிட்டார்கள். கல்லில் விழுந்த உடைப்பை அடைப்பது எளிது. அதன் பிறகு உறவில் விழுந்த உடைப்புகள்தாம் கண்ணுக்குத் தெரியாதவை.

1965 ஆகஸ்ட் 9ஆம் நாள் சிங்கப்பூர் தனி நாடானது. 1967இல் பாலத்தில் பாஸ்போர்ட் கேட்கத் தொடங்கினார்கள். அண்ணன் ஒரு நாட்டுக் குடிமகன், தம்பி வேறு நாட்டுக் குடிமகன். 1971இல் வெள்ளைக்காரன் பட்டாளத்தைத் திரும்ப அழைத்துக்கொண்டான். தளத்தை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் வேறு வேலை தேடி நகரமெங்கும் சிதறின.

அந்த நாளில் நம்மை இன்னொரு பக்கமும் பிய்த்தார்கள். குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று 1969இல் சட்டம் நடப்புக்கு வந்தபோது, பல்லாயிரம் பேர் தோட்டத்தை விட்டுத் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். 'ரஜூலா' என்ற கப்பலின் பெயரை இன்றும் பாட்டிமார் சொல்லக் கேட்கலாம். இப்படி, ஒரு வயிற்றில் பிறந்த பிள்ளைகள் மூன்று நாட்டில் ஆனார்கள். தமிழ்நாட்டுக்குப் போனவர்களைப் பார்க்க விமானச் செலவு வேண்டும். சிங்கப்பூரில் இருப்பவர்களைப் பார்க்க ஒரு பஸ் போதும். இருந்தும் போகிறோமா?

*

வெள்ளி வேறானபோது மனமும் வேறானது

போகாததற்கு நாம் சொல்லும் காரணம் "நேரம் இல்லை" என்பது. உள்ளே இருக்கும் காரணம் வேறு. அதைப் பேசத்தான் இந்த இதழில் வந்தேன்.

1973ஆம் ஆண்டு மே மாதம் வரை நம் வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று சமம். இந்தக் கரை நோட்டை அந்தக் கரைக் கடையில் நீட்டலாம். அந்த ஏற்பாடு நின்றபின் இரண்டும் விலகிக்கொண்டே போயின. இன்று அவர்களுடைய ஒரு வெள்ளிக்கு நம்முடைய மூன்று வெள்ளிக்கு மேல் எண்ணி வைக்க வேண்டும். நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று 2025 பிப்ரவரியில் ஆனது. அதை மாற்றினால் அங்கே கையில் நிற்பது சுமார் ஐந்நூற்றுச் சொச்சம்.

இந்தக் கணக்கு பாலத்தைவிடப் பெரிய தடையாக நடுவில் வந்து நிற்கிறது. "வெறுங்கையோடு எப்படிப் போவது? அவர்கள் பிள்ளைக்குப் பத்து வெள்ளி கொடுத்தாலும் நமக்கு முப்பது போகிறதே!" என்று இந்தப் பக்கத்து அக்காள் நினைக்கிறார். "வந்தால் பணம் கேட்பார்களோ?" என்று அந்தப் பக்கத்துத் தங்கை நினைக்கிறார். இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வாட்சப்பில் பூப்படமும் 'காலை வணக்கமும்' அனுப்பிக்கொண்டு காலத்தைத் தள்ளுகிறார்கள்.

இந்தப் பக்கம் இன்னொரு மனக்குறையும் உண்டு. "பெட்ரோல் அடிக்க வருகிறார்கள், சாமான் வாங்க வருகிறார்கள், ஸ்கூடாய்ப் பேரங்காடிவரை காரில் வந்து போகிறார்கள். இங்கே இருக்கிற நம் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வரவில்லை பாருங்கள்!" நியாயமான வருத்தம்தான். ஆனால், அவர்களைக் கேட்டால் என்ன சொல்வார்கள்? "வரச்சொல்லி ஒரு வார்த்தை கூப்பிட்டால்தானே!" என்பார்கள். அழைக்காத வீட்டுக்கு வரக் கூச்சம் அவர்களுக்கும் இருக்கும் அல்லவா?

காலக் கணக்கும் ஒருபுறம் இடைஞ்சல் செய்தது. 2014 முதல் 2024 முடியும்வரை, பதினொரு ஆண்டுகள், ஜொகூரில் வாரவிடுமுறை வெள்ளியும் சனியும். சிங்கப்பூரில் சனியும் ஞாயிறும். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்தால் நம் பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். பொதுவாகக் கிடைத்தது சனிக்கிழமை ஒன்றுதான். 2025 ஜனவரி முதல் நமக்கும் சனி, ஞாயிறு விடுமுறை என்று திரும்பிவிட்டது. அந்தச் சாக்கு இனிமேல் இல்லை.

கொரோனா காலத்தை மறந்திருக்கமாட்டீர்கள். 2020 மார்ச் 18ஆம் நாள் பாலம் அடைபட்டது. சிறப்பு அனுமதி பெற்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்கு வழி இல்லை. 2021 நவம்பர் 29ஆம் நாள் தடுப்பூசி போட்டவர்களுக்காகப் பஸ் விட்டார்கள். 2022 ஏப்ரல் முதல் தேதிதான் வழி முழுதாகத் திறந்தது. ஏறக்குறைய இரண்டு ஆண்டு. பெற்ற தாயின் கடைசி முகத்தைக் கைப்பேசியில் பார்த்து அழுத பிள்ளைகள் இரண்டு கரையிலும் உண்டு. திறந்தே கிடக்கும் என்று நாம் நம்பிய கதவு ஒரே இரவில் சாத்தப்பட்டது. கதவு திறந்திருக்கும் நாளில் போகாமல் இருந்துவிட்டு, சாத்திய பிறகு மாரில் அடித்துக்கொள்வதா?

*

முதலில் காகிதம், பிறகு பயணம்

சரி, போகலாம் என்று முடிவு செய்கிறீர்கள். துணிப் பையைத் தேடுவதற்கு முன்னால் பத்திரப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

நம்மவர்களில் சிலருக்கு இந்தப் பயணம் பணம் இல்லாததால் தடைப்படவில்லை. பத்திரம் இல்லாததால் தடைப்படுகிறது. தோட்டத்தில் மருத்துவச்சி கையில் பிறந்து, பிறப்பைப் பதியாமலே வளர்ந்து, கல்யாணமும் ஆகி, பிள்ளையும் பெற்ற தாய்மார் உண்டு. இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். ஆனாலும் கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டை, அல்லது அதுவும் இல்லை. கூடப் பிறந்த தங்கை அக்கரையில் படுத்த படுக்கையாகக் கிடப்பார். இங்கே அக்காள் வாசற்படியில் உட்கார்ந்து அழுவார். இடையில் ஒரு கிலோமீட்டர் தண்ணீர். இப்படி ஒருவரையாவது நீங்களும் அறிந்திருப்பீர்கள்.

ஆகவே, பெற்றோர்களே, பிள்ளை பிறந்த 60 நாளுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் பிறப்பைப் பதிந்துவிடுங்கள். நாள் கடந்தால் சாட்சி, கடிதம், அலைச்சல் என்று வேலை பத்து மடங்காகும். திருமணத்தையும் கோயிலோடு நிறுத்தாமல் சட்டப்படி பதிவு செய்துகொள்ளுங்கள். தாய் தகப்பன் திருமணப் பத்திரம் இல்லாமல் பிள்ளையின் குடியுரிமை சிக்கலில் விழுந்த குடும்பங்கள் பல. 12 வயது ஆனதும் மைகார்டு எடுத்துக் கொடுங்கள். சிவப்பு அட்டைக்காரர்கள் பயணத்துக்கு முன் குடிநுழைவு இலாகாவில் நேரே போய் விசாரியுங்கள். 'யாரோ ஒரு தம்பி செய்து தருவார்' என்று இடைத்தரகர் கையில் காசைக் கொடுக்க வேண்டாம்.

இனி, பாஸ்போர்ட். பெரியவர்களுக்கு 200 வெள்ளி. 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் 60 வயது கடந்தவர்களுக்கும் 100 வெள்ளி. தாய் தகப்பன், மூன்று சிறு பிள்ளைகள் என்றால் 700 வெள்ளி ஆகிறது. சின்னத் தொகை இல்லை. ஆகையால் ஒரே மாதத்தில் எல்லாருக்கும் எடுக்க வேண்டும் என்பதில்லை. மாதம் ஒருவருக்கு என்று ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்கிவிடலாம். பழைய பாஸ்போர்ட் இருந்தால், அது முடிய ஆறு மாதமாவது மீதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உட்லண்ட்ஸில் திருப்பி அனுப்பக்கூடும்.

சிங்கப்பூருக்குள் நுழைய, கைப்பேசி வழியாக ஒரு வருகை அட்டையையும் நிரப்ப வேண்டும். போய்ச் சேரும் நாளுக்கு முந்திய மூன்று நாளுக்குள் அதைச் செய்யலாம். அரசாங்கம் அதற்குக் காசு வாங்குவதில்லை. காசு கேட்கும் பக்கம் எதுவானாலும் அது ஏமாற்றுக்காரன் வலை. வீட்டில் இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளை இருந்தால் அதனிடம் கொடுங்கள். நொடியில் முடித்துத் தரும்.

பையில் எதை வைப்பது, எதை வைக்கக்கூடாது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். சிகரெட்டுக்கு அங்கே வரிவிலக்கு கிடையாது. ஒரு பெட்டியானாலும் சொல்லி வரி கட்ட வேண்டும். சூயிங்கம் கொண்டுபோகக் கூடாது. மலேசியாவிலிருந்து போகிறவருக்கு மதுபானத்தில் வரிச்சலுகை இல்லை. இறைச்சிக்கும் முட்டைக்கும் தனி விதிகள் உண்டு. 'சித்திக்கு நம் வீட்டு நாட்டுக்கோழி பிடிக்கும்' என்று ஆசையாகக் கட்டிக்கொண்டு போய்ச் சோதனைச் சாவடியில் பறிகொடுக்காதீர்கள். முறுக்கு, அதிரசம், வீட்டில் இடித்த மிளகாய்த்தூள், ஊறுகாய் ஆகியவை போதும்.

பஸ் பயணம் சுலபம். லார்க்கின் நிலையத்திலிருந்து 170 எண் பஸ் சிங்கப்பூர் குவீன் ஸ்திரீட் வரை போகிறது. நம் பக்கத்துச் சாவடியில் ஒரு முறை, உட்லண்ட்ஸில் ஒரு முறை, இரண்டு தடவையும் பையோடு இறங்கி ஏற வேண்டும். வயதானவர்களுக்குத் தண்ணீரும் பிஸ்கட்டும் கையோடு இருக்கட்டும். வெள்ளி இரவும் ஞாயிறு மாலையும் கூட்டம் நெருக்கித் தள்ளும். விடியற்காலை நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளின் நேரம். அவர்களுக்கு வழிவிட்டு, பசியாறிவிட்டு ஒன்பது மணிக்குமேல் புறப்பட்டால் நல்லது.

*

அங்கே போனபின்

சிங்கப்பூரில் பத்துப் பேரில் ஏறக்குறைய எட்டுப் பேர் அரசாங்க வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். 'மூன்றறை வீடு' என்று சொன்னால் கூடத்தையும் சேர்த்து மூன்று. படுக்கை அறை இரண்டுதான். அதில் அவர்கள் நாலு பேர்; நாம் ஐந்து பேர் போய் இறங்கினால் காலை நீட்ட இடம் இருக்காது. அதைப் பார்த்து, "இவ்வளவு சம்பாதித்தும் கூண்டுக்குள்ளே இருக்கிறார்களே" என்று ஊருக்கு வந்து பேசக்கூடாது. இரண்டு இரவு தங்குங்கள். மூன்றாம் நாள், "இன்னும் இருந்துவிட்டுப் போங்களேன்" என்று அவர்கள் சொல்லும்போதே கிளம்பிவிடுங்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

அங்கே அவர்களுக்கு நேரம்தான் சொத்து. விடுமுறையில்லாத நாளில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போவார்கள். பிள்ளை துணைப்பாட வகுப்புக்குப் போகும். "நம்மை உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டார்களே" என்று முகத்தைத் தூக்கிக்கொள்ள வேண்டாம். சமையலறைக்குள் நுழையுங்கள். அவர்கள் களைத்து வரும்போது ஒரு ரசமும் கருவாட்டுக் குழம்பும் அடுப்பில் இருந்தால், நீங்கள் கொண்டுபோகாத பணத்தையெல்லாம் அது ஈடுகட்டிவிடும்.

பிள்ளைகளின் சங்கதி ஒன்று. அவர்கள் பிள்ளைக்கு ஆங்கிலம் வேகமாக வரும். நம் பிள்ளைக்கு மலாய் வேகமாக வரும். இரண்டும் சேர்ந்து உட்கார்ந்தால் முதல் நாள் திருதிருவென்று விழிக்கும். அங்கே தமிழ் பள்ளியில் ஒரு பாடம். நம் தமிழ்ப்பள்ளியிலோ பாட மொழியே தமிழ். ஸ்கூடாயில் தாமான் துன் அமினா தமிழ்ப்பள்ளியிலும் ரினித் தோட்டத் தமிழ்ப்பள்ளியிலும் படிக்கிற நம் பிள்ளை, அந்த வீட்டில் தலைகுனிய வேண்டிய அவசியமே இல்லை. "அத்தை மகனுக்கு நீ ஒரு கதை சொல்லுடா" என்று விட்டுப் பாருங்கள். இரண்டாம் நாள் இரண்டும் சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு வீடு முழுதும் கேட்கும்.

ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோங்கள். இதுதான் நான் சொல்வதிலேயே முக்கியம். அங்குள்ள மூத்தவர் பக்கத்தில் பிள்ளையை உட்காரவைத்து, பாட்டனார் பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தோட்டத்தில் இறங்கினார், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், யார் எங்கே போனார்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். அந்தக் கணக்கு எந்த இலாகாவிலும் இல்லை. எழுபது, எண்பது வயதுக்காரர்களுடைய நினைவில்தான் இருக்கிறது. அவர் போனால் அதுவும் போகும்.

அந்த நோட்டினால் இன்னொரு பயனும் உண்டு. முன்பு சொன்னேனே, பத்திரம் இல்லாத தாய்மார், அவர்களுக்கு விண்ணப்பம் போடும்போது இன்னார் இன்னாருக்குப் பிறந்தவர், இந்தத் தோட்டத்தில் பிறந்தவர் என்று சாட்சி சொல்ல ஆள் வேண்டியிருக்கும். எந்தத் தோட்டம், எந்த வருஷம், யார் உடனிருந்தார் என்ற விவரம் எழுத்தில் இருந்தால், யாரைத் தேடுவது என்றாவது தெரியும்.

*

பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியவை

கடைத்தெருவும் கண்ணாடி மாளிகையும் பிள்ளைகள் தாமே பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் கைப்பிடித்துக் காட்ட வேண்டிய இடங்கள் இரண்டு. இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை.

முதலாவது, சிங்கப்பூர்ப் பூமலை. 1859இல் தொடங்கி, 2015இல் உலக மரபுடைமைத் தலம் என்று யுனெஸ்கோ அறிவித்த தாவரவியல் தோட்டம். லிட்டில் இந்தியாவில் எம்.ஆர்.டி. ரயில் ஏறினால் மூன்றாவது நிலையம். பூப்பார்க்கவா அங்கே போகச் சொல்கிறேன்? இல்லை. 1877ஆம் ஆண்டு, இங்கிலாந்திலிருந்து 22 கித்தாக் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. பிரேசில் காட்டு விதையில் முளைத்தவை. அவற்றில் சில இந்தத் தோட்டத்தில் ஊன்றப்பட்டன; சில கோலகங்சாருக்குப் போயின.

1888இல் இத்தோட்டத்துக்குப் பொறுப்பாளராக வந்தவர் ரிட்லி. மரத்தைக் கோடரியால் வெட்டிக் கொல்லாமல், பட்டையை மெல்லச் சீவி, நாளுக்கு நாள் பால் எடுக்கும் முறையை 1890களில் இங்கேதான் சோதித்துக் கண்டுபிடித்தார். பார்க்கிறவர்களிடமெல்லாம் கித்தா நடுங்கள் என்று விதையைத் திணித்துக்கொண்டிருந்ததால் 'பைத்தியக்கார ரிட்லி' என்றே அவருக்குப் பெயர் வந்தது. அவர் நூறு வயது கடந்து 1956இல் இறந்தார். அவர் விதைத்த மரத்துக்குப் பால் வெட்ட ஆள் வேண்டும் என்றுதான் நம் பாட்டன் பூட்டன்மாரைக் கப்பல் கப்பலாக ஏற்றி வந்தார்கள்.

"கண்ணு, உன் பாட்டி விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில் நின்று சீவினாளே, அந்தச் சீவலை இந்த இடத்தில்தான் முதலில் கற்றுக்கொண்டார்கள்" என்று சொல்லிக் காட்டுங்கள். வாய்ப்பு இருந்தால் பாட்டியையே அழைத்துப்போய்ச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு கரையிலும் உள்ள நம் உறவின் ஆணிவேர் அந்த மண்ணில் இருக்கிறது. அது நம் பிள்ளைகளுக்கும் தெரியாது, சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கும் தெரியாது.

இரண்டாவது, சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள மாரியம்மன் கோயில். 1827ஆம் ஆண்டிலிருந்து நிற்கிறது. பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை முன்னின்று எழுப்பியது. சிங்கப்பூரில் இதைவிடப் பழைய இந்துக் கோயில் இல்லை. இது இருப்பது சைனாடவுன் எனப்படும் சீனர் வட்டாரத்தின் நடுவில்! அதே சாலையில் சூலியா முஸ்லிம்களின் பள்ளிவாசலும் இருக்கிறது. கொஞ்ச தூரம் நடந்தால் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா. அதற்கு அருகிலேயே சீனர்களின் பழைய கோயில். கடல் கடந்து வந்தவர்கள் எல்லாரும் முதலில் தங்கள் சாமியை ஊன்றி, பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தார்கள். கோபுரத்துக்கு எதிரே ஊதுவத்தி வாசனையும் வாத்து வறுக்கும் வாசனையும் சேர்ந்து வரும். சீன நகரத்தில் நாம் அந்நியர் இல்லை என்பதைப் பிள்ளை அங்கே நின்றாலே புரிந்துகொள்ளும்.

*

திரும்பி வரும்போது

புறப்படும் முன் ஒரு காரியம் செய்துவிட்டு வாருங்கள். பொதுவாக, "ஒரு நாள் வாருங்கள்" என்று சொல்லாதீர்கள். அந்த 'ஒரு நாள்' வரவே வராது. "வருகிற மாதம் இரண்டாவது சனிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு வாருங்கள்" என்று நாளைக் குறித்துக் கூப்பிடுங்கள்.

"எங்கள் வீட்டில் ஏர்கண்டிஷன் இல்லையே, நாற்காலிகூடச் சரியாக இல்லையே" என்று கூச்சப்பட வேண்டாம். அடுக்குமாடியில் வளர்ந்த பிள்ளைக்கு நம் வீட்டு முற்றமே ஒரு திருவிழா. முருங்கை மரத்தில் கீரை பறிக்கட்டும். கோழியை விரட்டட்டும். ஸ்கூடாயைச் சுற்றிக் கித்தாக்காடாக இருந்த இடமெல்லாம் தாமான்களாகவும் பல்கலைக்கழகமாகவும் மாறிவிட்டன. ஆனாலும் செம்பனை நிரை ஒன்றாவது எங்காவது மிச்சம் இருக்கும். அந்த நிரையோரம் ஒரு நடை கூட்டிப்போங்கள். அவர்கள் பாட்டியும் பிறந்தது இங்கேதான்.

பிள்ளைகள் கையில் பணம் திணிக்கும் வழக்கத்தை இரண்டு பக்கமும் பேசி நிறுத்திக்கொண்டால் என்ன? கொடுக்கிறவருக்குச் சுமை, வாங்குகிறவருக்குக் கூச்சம். 'நீங்கள் வந்தால் நாங்கள் சமைக்கிறோம், நாங்கள் வந்தால் நீங்கள் சமையுங்கள், காசுப் பேச்சு வேண்டாம்' என்று மூத்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் அந்த மூன்றுக்கு ஒன்று கணக்கு செத்துவிடும்.

கடலுக்கு மேலே, ஜொகூர் பாரு புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு 4 கிலோமீட்டர் நீளத்தில் ரயில் பாதை கட்டும் வேலையை 2020 நவம்பரில் தொடங்கினார்கள். ஓடத் தொடங்கினால் சில நிமிடப் பயணம் என்கிறார்கள். நல்லது. ஆனால் சில நிமிடத்தில் கொண்டுபோய் விடும் ரயிலும், போக மனம் இல்லாதவரை ஏற்றிக்கொண்டு போகாது.

தவுக்கே குடும்பம் கடல்மேல் பறந்துபோய் அறுந்த நூலைத் தேடி முடிச்சுப் போடுகிறது. நம் நூல் இன்னும் அறவில்லை, நைந்துதான் இருக்கிறது. இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் பத்திரப் பெட்டியை இறக்கி, பாஸ்போர்ட்டுகளின் தேதியைப் பாருங்கள். பிறகு அக்கரைச் சித்திக்குக் கூப்பிடுங்கள். பூப்படம் வேண்டாம். குரல் கேட்கட்டும். "சித்தி, விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறோம்" என்று சொல்லுங்கள்.

போய் வந்து எப்படி இருந்தது என்று எழுதுங்கள். நோட்டுப் புத்தகத்தில் பிள்ளை எழுதிக்கொண்டு வந்ததில் ஒரு பக்கத்தையும் நகல் எடுத்து அனுப்புங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.